இணையவழி கேப் செமஸ்டரும் பொதுக் காரியமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டது. கல்லூரிக்குப் போவதை ஒரு செமஸ்டர் தள்ளிப்போட நினைக்கிறீர்கள். அந்த நான்கைந்து மாதத்தில் வீட்டிலிருந்தபடியே, இணையம் வழியாகப் பொதுக் காரியங்களில் இறங்கிக் கற்றுக்கொள்ளும் திட்டங்கள் இருக்கின்றன. அப்படிச் சில குழுக்களுக்கு நான் வழிகாட்டியாக இருந்திருக்கிறேன். மாணவர்களும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். பதில்களில் என் அபிப்பிராயமும் கலந்திருக்கும், அதை மறைக்கப் போவதில்லை.

கேப் செமஸ்டர் என்றால் என்ன? கேப் இயர் தானே கேள்விப்பட்டிருக்கிறோம்?

இரண்டும் ஒரே குடும்பம். கேப் இயர் என்பது பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவே முழுதாக ஒரு வருடம். கேப் செமஸ்டர் அதில் பாதி. 2016இல் ஒபாமாவின் மூத்த மகள் மலியா ஒரு வருடம் கழித்துத்தான் ஹார்வர்டில் சேரப் போகிறார் என்று வெள்ளை மாளிகை அறிவித்தபோது இந்தச் சொல் உலகம் முழுக்கச் செய்தியானது. ஆனால் ஹார்வர்டு அதற்குப் பல வருடங்களுக்கு முன்பிருந்தே, இடம் கிடைத்தவர்களிடம் "வேண்டுமானால் ஒரு வருடம் கழித்து வாருங்கள்" என்று சொல்லி வருகிறது.

செமஸ்டர் மட்டும் எடுப்பதில் ஒரு சங்கடம் உண்டு. பல கல்லூரிகள் வருடத்துக்கு ஒரு முறைதான் புது மாணவர்களைச் சேர்க்கும். அமெரிக்காவின் மிடில்பரி கல்லூரி போல பிப்ரவரியிலும் ஒரு தொகுதியைச் சேர்க்கிற இடங்கள் குறைவு. அதனால் நடைமுறையில் பலர் ஒரு வருடம் தள்ளிப்போட்டு, பாதியை இப்படி ஒரு திட்டத்துக்கும் மீதியை வேலைக்கோ வீட்டுக்கோ வைத்துக்கொள்கிறார்கள்.

இந்தப் பொதுக் காரியத்தைக் குடிமைப் பங்கேற்பு என்கிறார்களே, அது சமூக சேவைதானே?

முதலில் ஒன்று: "குடிமை" என்றதும் குடிமைப் பணித் தேர்வுக்கான பயிற்சி என்று நினைத்து விசாரிப்பவர்கள் இருக்கிறார்கள். அது வேறு.

சேவைக்கும் இதற்கும் நெருங்கிய உறவு உண்டு, ஆனால் கேள்வி மாறுகிறது. தெருவில் குப்பையை அள்ளுவது சேவை. அந்தத் தெருவுக்குக் குப்பை வண்டி ஏன் வாரம் ஒரு முறைதான் வருகிறது, அதை முடிவு செய்தது யார், எந்தக் கூட்டத்தில், எந்தப் பட்ஜெட் தலைப்பில் என்று தேடிப் போவது குடிமைப் பங்கேற்பு. இரண்டும் வேண்டும்தான். ஆனால் முதலாவதை மட்டும் செய்துவிட்டு இரண்டாவதன் பெயரை மாட்டிக்கொள்ளும் திட்டங்கள் நிறைய.

இதை அளக்க ஒரு பழைய கருவி இருக்கிறது. ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கர் 1969இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி கொண்ட ஓர் ஏணியாக வரைந்தார். கீழ்ப்படிகளில் மக்களைக் கூட்டி உட்காரவைத்துத் தலையாட்ட வைப்பார்கள். நடுப்படிகளில் தகவல் சொல்வார்கள், கருத்துக் கேட்பார்கள், முடிவை மட்டும் தாங்களே எடுப்பார்கள். மேல்படிகளில்தான் முடிவெடுக்கும் அதிகாரத்தில் மக்களுக்குப் பங்கு. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989இல் தொடங்கிய பங்கேற்பு பட்ஜெட் மேல்படிக்கு நல்ல உதாரணம்: நகராட்சிப் பணத்தில் ஒரு பகுதியை எதற்குச் செலவிடுவது என்று குடியிருப்பவர்களே கூடி வரிசைப்படுத்தினார்கள். நீங்கள் சேரப் போகும் திட்டம் உங்களை எந்தப் படியில் நிற்க வைக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பல திட்டங்கள் மூன்றாம் படியோடு, அதாவது தகவல் சொல்வதோடு, நின்றுவிடும்.

வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு பொதுக் காரியமா? நம்பும்படியாக இல்லையே.

எனக்கும் முதலில் அந்தச் சந்தேகம் இருந்தது. ஓரளவு இன்னும் இருக்கிறது. வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டும் அனுபவத்தை ஜூம் தராது. ஆனால் சில வேலைகள் கம்ப்யூட்டர் முன்னால்தான் நடக்கும், அவற்றுக்கு அங்கே ஆள் பற்றாக்குறை.

வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்பது 2004இல் தொடங்கிய, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய உலக வரைபடம். 2010 ஜனவரியில் ஹைட்டியில் பூகம்பம் வந்தபோது, தலைநகர் போர்ட்டோ பிரின்ஸின் பல தெருக்கள் எந்த எண்ம வரைபடத்திலும் சரியாக இல்லை. உலகின் பல மூலைகளில் இருந்த தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துத் தெருக்களை வரைந்தார்கள். களத்தில் இருந்த மீட்புக் குழுக்கள் அதைப் பயன்படுத்தின. அதன் பிறகு 2014இல், செஞ்சிலுவைச் சங்கங்களும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் சேர்ந்து, பேரிடர் வருவதற்கு முன்பே வரைந்து வைக்க மிஸ்ஸிங் மேப்ஸ் என்ற முயற்சியைத் தொடங்கின.

அந்த வேலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். நிலப்பரப்பைச் சதுரம் சதுரமாகப் பிரித்து வைத்திருப்பார்கள். ஒரு சதுரத்தை எடுத்தால் அது உங்கள் பெயரில் பூட்டப்படும், வேறு யாரும் கை வைக்க முடியாது. திரையில் பழுப்பு நிலம், நடுவில் வட்டமாக ஒரு கூரை. சுற்றிக் கிளிக் செய்து 'ஓ' விசையைத் தட்டினால் கோணல் கோடு வட்டமாகிறது. சதுர வீடு என்றால் 'கியூ' விசை மூலைகளை நேராக்கும். முதல் நாள் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்றுதான்: கூரைக்குப் பதில் கூரையின் நிழலை வரைந்துவிடுவார்கள். அனுபவசாலி ஒருவர் சரிபார்த்து, "இன்னும் வேலை இருக்கிறது" என்று திருப்பி அனுப்புவார். ஒரு மாணவனுக்கு ஒரே சதுரம் மூன்று முறை திரும்பி வந்தது. கோபத்தில் எனக்கு எழுதினான். நான்காவது முறை அவனே நிழலின் திசையை வைத்துப் படம் காலையில் எடுத்ததா மாலையில் எடுத்ததா என்று சொல்லத் தொடங்கிவிட்டான்.

வேலையை முடித்தால் யாரோ பயன்படுத்தக் காத்திருக்கிறார்கள், தப்பாகச் செய்தால் திரும்பி வருகிறது. இணையவழித் திட்டம் எதுவானாலும் நான் முதலில் தேடுவது இந்த இரண்டையும்தான்.

வேறு என்ன மாதிரி வேலைகள்?

திட்டத்துக்குத் திட்டம் மாறும். நான் பார்த்தவரை உருப்படியாக நடப்பவை இவை.

உள்ளாட்சிக் கூட்டங்களைப் பார்த்துப் பொதுமக்களுக்குச் சுருக்கம் எழுதுவது. தகவல் அறியும் சட்டத்தின் கீழ் மனு எழுதப் பழகுவது. (1766இல் ஸ்வீடன் தொடங்கி வைத்தது, இன்று 100க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏதோ ஒரு வடிவில் இந்தச் சட்டம் இருக்கிறது.) வாக்காளர் பதிவு பற்றிய தகவலை எளிய மொழியில் திருத்தி எழுதுவது. பழைய கையெழுத்து ஆவணங்களைத் தட்டச்சு செய்வது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2018இல் இதற்கென்றே ஒரு தன்னார்வத் திட்டத்தைத் தொடங்கியது, பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடியவர்களின் கடிதங்களெல்லாம் அதில் வந்தன. தெரு விளக்கு, சாலைப் பள்ளம் போன்ற புகார்கள் எத்தனை நாளில் தீர்கின்றன என்று கணக்கெடுப்பது. பிரிட்டனில் 2007 முதல் ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் என்ற தளம் புகார்களை வரைபடத்திலேயே வெளிப்படையாக வைக்கிறது, அதனால் யாரும் எண்ணிப் பார்க்கலாம்.

ஆன்லைன் மனுக்களில் கையெழுத்து வாங்குவதை நான் கடைசியில்தான் வைப்பேன். அதற்கும் இடம் உண்டு, விதி தெரிந்தால். பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தளத்தில் 10,000 கையெழுத்து சேர்ந்தால் அரசு பதில் சொல்லும், 1,00,000 சேர்ந்தால் விவாதத்துக்கு எடுத்துக்கொள்வது பற்றிப் பரிசீலிக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில், புதுச் சட்டம் கொண்டுவரச் சொல்லி மக்கள் கேட்கும் 'குடிமக்கள் முன்முயற்சி'க்குப் பத்து லட்சம் கையெழுத்து வேண்டும், குறைந்தது ஏழு உறுப்பு நாடுகளில் தலா ஒரு குறைந்தபட்ச எண்ணிக்கையையும் தாண்ட வேண்டும். யாருக்கு அனுப்புகிறோம், அவருக்குப் பதில் சொல்லும் கடமை இருக்கிறதா என்று தெரியாமல் கையெழுத்துச் சேர்ப்பது நேரத்துக்குக் கேடு.

ஒரு வாரம் எப்படிப் போகும்?

திட்டங்கள் பெரும்பாலும் பத்து முதல் பதினைந்து வாரம். வாரத்துக்கு இரண்டு மூன்று நேரலை வகுப்புகள், ஒரு சிறு குழுக் கூட்டம், வழிகாட்டியோடு அரை மணி நேரம், மீதி உங்கள் சொந்த வேலை. விளம்பரத்தில் "வாரம் 20 மணி நேரம்" என்று இருந்தால் அதில் எத்தனை மணி கேமரா முன்னால், எத்தனை மணி வேலையில் என்று பிரித்துக் கேளுங்கள். பாதிக்கு மேல் கேமரா என்றால் அது படிப்புதான், பெயர் மட்டும் வேறு.

நகராட்சிக் கூட்டத்தைப் பார்ப்பதில் என்ன கற்றுக்கொள்ள முடியும்? தூக்கம் வராதா?

வரும். முதல் கூட்டத்தில் கட்டாயம் வரும்.

ஒரு மாணவி பேருந்து நிறுத்தத்தில் நிழற்குடை வேண்டும் என்ற விஷயத்தை எடுத்திருந்தாள். அவள் பகுதி நகர மன்றக் கூட்டம் நேரலையில் மூன்று மணி நேரம். அவளுடைய விஷயம் நிகழ்ச்சி நிரலில் 14ஆவது. நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தாள். இரண்டு மணி பத்து நிமிடம் கழிந்தபோது தலைவர், "பொருள் 9 முதல் 17 வரை ஒட்டுமொத்தமாக ஏற்கப்படுகிறது" என்றார். நாற்பது விநாடிகூட ஆகவில்லை. நிழற்குடை என்ற சொல்லை யாருமே உச்சரிக்கவில்லை.

அடுத்த நாள் அழாத குறையாகப் பேசினாள். சரி, அப்படியானால் விவாதம் எங்கே நடந்தது என்று தேடச் சொன்னேன். இரண்டு வாரம் முன்பு ஒரு துணைக்குழுவில் நடந்திருந்தது. அதன் நடவடிக்கைக் குறிப்பு இணையதளத்தில் ஸ்கேன் செய்த பிடிஎஃப்பாகக் கிடந்தது, 61 பக்கம், தேடல் வசதி இல்லை. 38ஆம் பக்கத்தில் காரணம் இருந்தது: ஏற்கப்பட்டது நிழற்குடை கட்டும் முடிவு இல்லை, அதை அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளிவைக்கும் முடிவு. அவள் அதை ஒரே பக்கத்தில் எழுதி அங்கிருந்த குடியிருப்போர் சங்கத்துக்குக் கொடுத்தாள். சங்கத்தில் இருந்த பெரியவர்களுக்கே துணைக்குழு என்று ஒன்று கூடுவது அன்றுதான் தெரிந்தது. அடுத்த துணைக்குழுக் கூட்டத்துக்கு இரண்டு பேர் நேரில் போனார்கள்.

நிழற்குடை வந்ததா என்று கேட்காதீர்கள். செமஸ்டர் முடியும்வரை வரவில்லை.

சேர்க்கை கிடைத்த இடம் போய்விடாதா?

கேட்காமல் எடுத்தால் போய்விடும். கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டால் பெரும்பாலும் போகாது.

வழக்கமான முறை: முதலில் கல்லூரிக்கு விண்ணப்பித்து இடத்தைப் பெறுங்கள், ஏற்றுக்கொள்ளுங்கள், தேவையான முன்பணம் கட்டுங்கள், பிறகு சேர்க்கையைத் தள்ளிவைக்கும்படி கடிதம் எழுதுங்கள். அதில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒரு பத்தியாவது இருக்க வேண்டும். "ஓய்வெடுக்கப் போகிறேன்" என்று எழுதினால் மறுக்கலாம். கடைசித் தேதி கல்லூரிக்குக் கல்லூரி வேறு. சில பாடப்பிரிவுகளில் தள்ளிவைக்கவே அனுமதி இருக்காது. சில நாடுகளில் நுழைவுத் தேர்வு மதிப்பெண் அந்த ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். அப்படிப்பட்ட இடத்தில் இடைவெளி எடுப்பது மறுபடி தேர்வு எழுதுவதற்குச் சமம். அங்கே நான் யாரையும் இதற்கு ஊக்கப்படுத்துவதில்லை.

2020ஆம் வருடம் தனி. பெருந்தொற்றால் வகுப்புகள் இணையத்துக்குப் போனதும், ஹார்வர்டில் புதிதாகச் சேர வேண்டியவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் தள்ளிவைத்தார்கள். இணையவழி கேப் திட்டங்கள் பல வேர்விட்டதும் அப்போதுதான். வெளிநாடுகளுக்கு மாணவர்களை அனுப்பிவந்த அமைப்புகள், விமானமே பறக்காதபோது வேறு வழியின்றித் திரைக்கு மாறின. அவசரத்தில் பிறந்த வடிவம் என்பதால் அதன் தழும்புகள் சில திட்டங்களில் இன்னும் தெரிகின்றன: நேரில் நடத்திய பாடத்தையே அப்படியே கேமரா முன்னால் வாசிப்பார்கள்.

உதவித்தொகை?

தானாகத் தொடரும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். கல்லூரியே தருவது ஒன்று, வெளி அறக்கட்டளை தருவது ஒன்று, அரசு தருவது ஒன்று. மூன்று இடத்திலும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். அமெரிக்காவில் கூட்டாட்சி நிதியுதவிக்கான விண்ணப்பத்தை ஒவ்வொரு கல்வியாண்டுக்கும் புதிதாக நிரப்ப வேண்டும். நடுவில் குடும்ப வருமானம் மாறியிருந்தால் தொகையும் மாறலாம்.

இந்த செமஸ்டருக்குக் கல்லூரி கிரெடிட் கிடைக்குமா?

சில திட்டங்கள் ஏதாவது ஒரு கல்லூரியோடு ஒப்பந்தம் வைத்து கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாடப் புள்ளி) தருகின்றன. கேட்க இனிப்பாக இருக்கும், ஆனால் ஒரு பொறி உண்டு. சேர்க்கையைத் தள்ளிவைத்த காலத்தில் வேறெங்கும் பட்டக் கல்வி கிரெடிட் எடுக்கக் கூடாது, அல்லது இத்தனைக்கு மேல் கூடாது என்று பல பல்கலைக்கழகங்கள் நிபந்தனை போடுகின்றன. மீறினால் உங்களைப் புதிய மாணவராக எடுக்காமல் மாற்றலாகி வருபவராகக் கருதலாம். அப்போது விடுதி, உதவித்தொகை என்று எல்லாமே வேறு கணக்கு. உங்கள் கல்லூரியிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். தொலைபேசியில் "பிரச்சினை இல்லை" என்று சொன்னவர் ஆறு மாதம் கழித்து அந்த நாற்காலியில் இருக்க மாட்டார்.

தன்னார்வ வேலை செய்ய நாமே ஏன் கட்டணம் கட்ட வேண்டும்?

நியாயமான கேள்வி. கட்டணம் போவது வேலைக்கு இல்லை, வேலையைச் சுற்றியுள்ள ஏற்பாட்டுக்கு: வழிகாட்டிகளின் சம்பளம், பாடத்திட்டம், உள்ளூர் அமைப்புகளோடு தொடர்பு, நிர்வாகம். இணையவழியில் விமானச் செலவும் தங்கும் செலவும் இல்லாததால் நேரடித் திட்டங்களைவிட நன்றாகவே குறைய வேண்டும். குறையவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள்.

பணம் கட்டாமலும் இதைச் செய்யலாம் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஐக்கிய நாடுகளின் தன்னார்வலர் அமைப்பு 2000ஆம் ஆண்டிலிருந்து இணையவழித் தன்னார்வப் பணியை நடத்துகிறது, 18 வயது நிரம்பியிருந்தால் விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. வரைபடம், ஆவணத் தட்டச்சு, ஜூனிவர்ஸ் போன்ற குடிமக்கள் அறிவியல் தளங்கள் (ஆராய்ச்சியாளர்களின் வேலையில் பொதுமக்கள் உதவும் இடங்கள்) எல்லாம் இலவசம். தன்னைத் தானே கட்டி மேய்த்துக்கொள்ளத் தெரிந்த பிள்ளைக்கு இவற்றை வைத்தே ஒரு செமஸ்டரை அமைத்துவிடலாம். ஆனால் பதினெட்டு வயதில் அப்படி இருப்பவர்கள் எத்தனை பேர்? நான் இருந்ததில்லை. கட்டணத்தில் பாதி, சொல்லப்போனால், செவ்வாய்க்கிழமை காலை "எங்கே ஆளைக் காணோம்" என்று கேட்க ஒருவர் இருப்பதற்காகத்தான்.

நல்ல திட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேப் இயர் அசோசியேஷன் என்ற அமைப்பு 2012 முதல் இயங்குகிறது, தரச்சான்றும் வழங்குகிறது. சான்று இருந்தால் நல்லது, இல்லாததாலேயே கெட்டது என்று அர்த்தமில்லை.

நான் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி: "போன முறை மாணவர்கள் செய்த வேலையில் ஒன்றைக் காட்டுங்கள், அதை இப்போது யார் பயன்படுத்துகிறார்கள்?" பதிலாக ஒரு சங்கத்தின் பெயரோ அலுவலகத்தின் பெயரோ வந்தால், அந்தச் சங்கத்தோடு பேச முடியுமா என்று கேளுங்கள். பதிலாகச் சிரித்த முகங்கள் நிறைந்த ஒரு வீடியோ வந்தால் யோசியுங்கள். ஒருமுறை ஒரு திட்டத்தில் மாணவர்கள் பத்து வாரம் உழைத்து ஒரு கொள்கை அறிக்கை எழுதினார்கள். கடைசி நாள் விழாவில் எல்லோரும் கைதட்டினார்கள். அறிக்கையை யாருக்கு அனுப்பினீர்கள் என்று நான் கேட்டேன். அமைதி. அது இன்றும் ஒரு கூகுள் டிரைவ் ஃபோல்டரில் தூங்குகிறது. அந்தப் பிள்ளைகளின் உழைப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சல் வரும்.

அப்புறம், ஒரு வழிகாட்டிக்கு எத்தனை மாணவர்கள், முந்தைய மாணவர் ஒருவரோடு நிறுவனத்தார் கூட இல்லாமல் பேசலாமா, பாதியில் விலகினால் பணம் எவ்வளவு திரும்பும் என்பவற்றையும் கேளுங்கள். முப்பது பேருக்கு ஒரு வழிகாட்டி என்றால் அது வகுப்பறை.

இதெல்லாம் கடைசியில் கட்சி அரசியலில் கொண்டுபோய் விடாதா?

பெற்றோர் கேட்பதில் இதுதான் அதிகம், குரலைத் தாழ்த்திக்கொண்டு. நல்ல திட்டம் எந்தக் கட்சிக்கும் ஆள் பிடிக்காது. பல அமைப்புகளுக்கு அவற்றின் வரிவிலக்கு விதிகளே தேர்தல் பிரசாரத்தைத் தடுக்கின்றன. அமெரிக்காவில் அறக்கொடை அமைப்புகள் வேட்பாளரை ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது. ஆனால் பொதுக் காரியம் என்றால் கருத்து வேறுபாடு வரத்தான் செய்யும். சைக்கிள் பாதை வேண்டும் என்பவரும், அதனால் தன் கடை வாசலில் வண்டி நிறுத்த இடம் போகிறது என்பவரும் ஒரே கூட்டத்தில் பேசுவார்கள். இருவர் பேச்சையும் அவரவரே ஒத்துக்கொள்ளும்படி எழுதிக்காட்டு என்று நான் மாணவர்களுக்குக் கொடுப்பதுண்டு. அதில் தடுமாறாதவரை இன்னும் பார்க்கவில்லை.

18 வயது ஆகவில்லை. வாக்கே இல்லாதவர் என்ன செய்ய முடியும்?

வாக்கு ஒரு கதவு மட்டும்தான். பெரும்பாலான நாடுகளில் அது 18இல் திறக்கிறது. பிரேசிலில் 1988 அரசியல் சட்டத்திலிருந்து 16, 17 வயதினர் விரும்பினால் வாக்களிக்கலாம், ஆஸ்திரியா 2007இல் வயதை 16 ஆக்கியது. மனு கொடுக்க, பொதுக் கூட்டத்தில் பேச, தகவல் கேட்க வயது பல இடங்களில் தடையில்லை. உங்கள் நாட்டு விதியை ஒருமுறை பாருங்கள். 18க்குக் கீழே என்றால் திட்டம் பெற்றோர் ஒப்புதல் கேட்க வேண்டும், பெரியவர்களோடு தனியாக வீடியோ அழைப்பு பற்றிய விதி வைத்திருக்க வேண்டும். அந்த விதியை எழுத்தில் காட்டத் தயங்கும் இடத்தில் சேராதீர்கள்.

நான் ஒரு நாட்டில், திட்டம் வேறு நாட்டில். பரவாயில்லையா?

நேர மண்டலத்தை முதலில் பாருங்கள். அங்கே மாலை நான்கு மணி, உங்களுக்கு நள்ளிரவு இரண்டு மணி என்றால் மூன்றாவது வாரத்தில் நீங்கள் கேமராவை அணைத்துவிட்டுத் தூங்குவீர்கள்.

அதைவிடப் பெரிய விஷயம், யாருடைய பிரச்சினையில் தலையிடுகிறோம் என்பது. தான் வசிக்காத ஊரின் கொள்கைக்குப் பரிந்துரை எழுதும் பதினெட்டு வயதுப் பிள்ளையை அந்த ஊர்க்காரர் எப்படிப் பார்ப்பார்? நல்ல திட்டங்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன: வகுப்பு உலகத்தாரோடு, களவேலை அவரவர் ஊரில். ஒரே தலைப்பை, குடிநீர் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆறு ஊர்களில் ஆறு பேர் தேடிவந்து ஒப்பிடும்போது வகுப்பு சூடுபிடிக்கும்.

ஆங்கிலம் அவ்வளவாக வராது.

திட்டத்தின் மொழி ஆங்கிலமாக இருந்தால் முதல் இரண்டு வாரம் சிரமம்தான். ஆனால் கள வேலையில் உங்கள் தாய்மொழி பெரிய சொத்து. அரசு அறிவிப்பு ஒன்றை வீட்டுப் பெரியவர்களுக்குப் புரியும்படி எழுதுவது எளிதென்று நினைக்காதீர்கள். ஒரு படிவத்தை எடுத்து, "மேற்படி", "சமர்ப்பிக்கப்படாத பட்சத்தில்" எல்லாவற்றையும் நீக்கி, படிக்கக் கொடுத்துப் பாருங்கள். எங்கே விரல் நிற்கிறதோ அந்த வரியைத் திருத்த வேண்டும்.

பையன் ஆறு மாதம் லேப்டாப்பும் கையுமாகச் சோம்பிப் போய்விட மாட்டானா?

வாய்ப்பு உண்டு. அதனால் மூன்று ஏற்பாடு சொல்வேன். வாரத்தில் ஒரு நாளாவது வேலை வீட்டுக்கு வெளியே இருக்கட்டும்: நூலகம், அலுவலகம், நிறுத்தத்தில் நின்று பேருந்து எண்ணுவது, எதுவானாலும். திட்டத்துக்கு அப்பால் சம்பளம் வரும் பகுதிநேர வேலை ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. பிறகு, வீட்டில் இருக்கிறான் என்பதாலேயே கடைக்குப் போ, கேஸ் ஆள் வருவான் பார்த்துக்கொள் என்று வகுப்பு நேரத்தில் கூப்பிடாதீர்கள். அது பெற்றோருக்கான வீட்டுப்பாடம்.

இணையவழி வேண்டாம், நேரடியாகவே ஒரு வருடம் செய்ய முடியுமா?

முடிந்தால் அதுதான் என் முதல் பரிந்துரை. ஜெர்மனியில் தன்னார்வ சமூக ஆண்டு 1964 முதல் சட்டப்படி இருக்கிறது. மருத்துவமனை, முதியோர் இல்லம் போன்ற இடங்களில் வேலை, சிறு கைச்செலவுப் பணம், சமூகக் காப்பீடு. பிரான்சில் 2010 முதல் குடிமைச் சேவை, 16 முதல் 25 வயதுக்காரர்களுக்கு, ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை, மாத உதவித்தொகையோடு. அமெரிக்காவின் அமெரிகார்ப்ஸ் 1993இல் சட்டமானது, முடித்தால் கல்விக்கான ஒரு தொகை தரும். குடும்பப் பொறுப்பு, உடல்நிலை, பணம், விசா என்று ஏதாவது காரணத்தால் வீட்டை விட்டு நகர முடியாதவர்களுக்கு இணையவழி வடிவம் உண்மையான வழி. மற்றவர்களுக்கு அது இரண்டாவது தேர்வு.

கல்லூரி, வேலை விண்ணப்பத்தில் இதை எப்படி எழுதுவது?

"தலைமைப் பண்பை வளர்த்துக்கொண்டேன்" என்று எழுதாதீர்கள், படிப்பவருக்குக் கொட்டாவி வரும். "நகர மன்றத்தின் ஒன்பது கூட்டங்களைப் பார்த்து, இன்ன சங்கத்துக்குச் சுருக்கம் எழுதினேன்" என்று எழுதுங்கள். எண்ணிக்கை, பெயர், என்ன ஆயிற்று. ஒன்றும் ஆகவில்லை என்றால் அதையும் எழுதலாம், ஏன் ஆகவில்லை என்று கண்டுபிடித்திருந்தால்.

பிடிக்கவில்லை என்றால் பாதியில் விலகலாமா?

விலகலாம். முதல் மூன்று வாரத்துக்குள் முடிவெடுத்தால் பணத்தில் ஒரு பகுதியாவது திரும்பும் வாய்ப்பு அதிகம், ஒப்பந்தத்தைப் பாருங்கள். சேர்க்கையைத் தள்ளிவைத்தபோது கல்லூரிக்கு இந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லியிருந்தால் அவர்களுக்கும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

ஆனால் திட்டத்தாரிடம் சொல்வதற்கு முன்பே, நீங்கள் யாருக்காக வேலை செய்துகொண்டிருந்தீர்களோ அந்தச் சங்கத்துக்கோ அமைப்புக்கோ சொல்லுங்கள். அவர்கள் திங்கட்கிழமை உங்கள் சுருக்கம் வரும் என்று உட்கார்ந்திருப்பார்கள். பாதி முடித்த கோப்பு, எந்த ஆவணத்தில் எந்தப் பக்கம் வரை பார்த்தீர்கள் என்ற குறிப்பு, யாருடைய பதிலுக்குக் காத்திருக்கிறீர்கள் என்ற பட்டியல், பொதுக் கணக்கின் கடவுச்சொல், இவ்வளவையும் அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். வரைபடச் சதுரம் ஏதாவது உங்கள் பெயரில் பூட்டியிருந்தால் அதையும் திறந்துவிடுங்கள்.